ஐஸ் அறையில் மச்சானைப் பகிடி பண்ணியது

ஜூலை 3, வியாழன்

இன்றைக்கு என் வீட்டுக் குசினியை ஒரு சாண் ஒடுக்கிவிட்டேன்.

வளவின் பின்பக்கம் எனக்காக வீடு எழும்புகிறது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து குடியேறுவார். கேட்க நல்லாயிருக்கும். ஆனால் வீடு எழும்பத் தொடங்கினால் மாப்பிள்ளையும் எங்கேயோ எழும்பி முகம் கழுவிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

கட்டுவது குஞ்சித்தம்பி மாமா, அம்மாவின் தமையன், மேசன். முதலில் வீட்டைக் கட்டுவார், அது முடிய என்னைக் கட்டிக்கொடுப்பார். கட்டுவதுதானே அவர் தொழில். மாப்பிள்ளையும் அவர் தயாரிப்புத்தான்: மகன் மதுரன், கரண்ட் வேலை. நான் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் வைத்தே ஏழு வயது மதுரனுக்கு என்னைக் காட்டி, "இந்தா, உன்ட பொண்டாட்டி" என்றார்களாம். அவன் அழுதானாம். அந்த வார்டில் அன்றைக்கு மூளை இருந்தது அவன் ஒருவனுக்குத்தான்.

மாமா தேத்தண்ணி குடிக்கப் போன நேரம், அவர் சமையல் அறைக்கு நூல் கட்டி அடித்திருந்த முளையைப் பிடுங்கி ஒரு சாண் உள்ளே அடித்தேன். திரும்பி வந்து அளந்தார். தலையைச் சொறிந்தார். மறுபடி அளந்தார். "தங்கச்சி, காணி சுருங்குதா, எனக்குக் கண் சுருங்குதா?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா காணியைப் பார்க்கவில்லை, நேரே என்னைப் பார்த்தா.

காது இன்னும் எரிகிறது.

ஏ.எல். இரண்டாம் தரம் எடுக்கப்போகிறேன் என்று இரவுச் சாப்பாட்டில் சொன்னேன். ஏ முதல் இசட் வரை எல்லாம் படித்தும், கம்பஸுக்கு ஆள் எடுக்கப் பார்க்கிற இசட் புள்ளியில்தானே கவிழ்ந்தேன். "எடு புள்ள, ஆர் வேணாமெண்ட. நவம்பரில சோதின, தையில கலியாணம்" என்றா அம்மா, எனக்கு மீன் துண்டை வைத்துக்கொண்டே. தையில் என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

அப்பா வயலைப் பற்றி மட்டும்தான் பேசுவார்.

ஜூலை 5, சனி

"நாலு பேர் என்ன சொல்லுவாங்க" என்று அம்மா. அந்த நாலு பேரின் பெயரைக் கேட்டேன். இரண்டு பேருக்கு மேல் அவவுக்கு ஞாபகம் வரவில்லை.

ஜூலை 10, வியாழன், போயா

நஸ்ஹா என் ரியூசன் கூட்டாளி, ஏறாவூர். அவளுடைய அண்ணன் இல்ஹாம் காக்கா கூட்டங்களுக்கு மைக், ஸ்பீக்கர் பொக்ஸ் கட்டுகிறவர். அவர் மாதத்துக்கு ஒருநாள் பொக்ஸ் கட்டப்போகிற இடத்துக்கு இன்றைக்கு நாங்களும் போனோம். அம்மாவிடம் சொன்னது நஸ்ஹா வீட்டில் படிப்பு என்று.

இடம் தன்னாமுனையில், வாவிக்கரையோடு. முந்தி மீனுக்கு ஐஸ் அடித்த கொம்பனி. இப்போது முன்பக்கம் பார். சுபாகரன் அண்ணன் நடத்துகிறார், நாற்பது வயது இருக்கும், வயிறு ஐம்பது. பௌர்ணமி வருகிற போயா நாளில் நாடு முழுக்கச் சாராயம் விற்கக்கூடாதே. அன்றைக்குப் பார் சும்மா கிடப்பதைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை இது: பழைய ஐஸ் அறையில் கதிரை போட்டு, ஆட்களை ஏற்றிப் பகிடி சொல்லவைப்பது. பார் தட்டுகளுக்கு மேலே பெட்சீட் கட்டியிருக்கிறார்கள். போத்தில்களெல்லாம் காய்ச்சல் வந்த மாதிரிப் போர்த்திக்கொண்டு நிற்கின்றன. குடிக்க இஞ்சிச் சோடா, கடிக்கக் கச்சான் கடலை, மரவள்ளிப் பொரியல். வெறியில் சிரிப்பவன் ஒருவனும் இல்லாததால் இங்கே சிரிப்பு வந்தால் அது சுத்தமான சிரிப்பு என்று சுபாகரன் அண்ணன் மைக்கில் சொன்னார்.

ஜன்னல் கிடையாது. ஐஸ் அறைக்கு என்னத்துக்கு ஜன்னல். ஊரில் சத்தம் என்று முறைப்பட்டதால், ஒருவர் ஏறிப் பேசத் தொடங்கினால் இரும்புக் கதவைச் சாத்திவிடுவார்கள். அவர் முடிக்கும்வரை திறப்பதில்லை.

தேனுஜன் என்று ஒருவர், மருந்துக்கடையில் வேலை. "எங்கட சனம் சத்தமாக் கேக்கிற ஒரே மருந்து பனடோல்தான். மத்ததெல்லாம், 'தம்பி, அது இரிக்கா?' 'எது?' 'அதுதான்.' நானும் அதுதான் எண்டு நினைச்சு ஒண்டக் குடுத்திட்டன். மறுகா ஒரு மாசத்தால அவர் வந்து சொல்லுறார், தம்பி, இருமல் நிக்கல்ல, ஆனா மனிசி சந்தோசமா இரிக்காள்." நஸ்ஹா சால்வையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அவளுடைய காக்கா பொக்ஸுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார், தங்கச்சி இருக்கிற இடத்தில் எப்படிச் சிரிப்பது என்று.

அடுத்து ஏறியவரின் பகிடி ஒன்றுக்கும் ஒருவரும் அசையவில்லை. ஐஸ் அறை பழைய தொழிலை மறக்கவில்லை. மனிதர் அப்படியே கட்டியாகிவிட்டார். எனக்கு அவரைவிட வியர்த்தது.

ஆனாலும் எனக்கு அந்த மேடையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. மேடை என்றால் மீன்பெட்டிகளைக் கவிழ்த்து மேலே பலகை. வீட்டில் நான் வாய் திறந்தால் குழப்படி. அங்கே வாய் திறந்தால் நூறு பேர் பேசாமல் கேட்கிறார்கள்.

"அடுத்த போயாவுக்கு ஆர் ஏறுற?" என்று சுபாகரன் அண்ணன் கேட்டபோது நஸ்ஹா கை தூக்கினாள். என் கையை.

ஜூலை 15, செவ்வாய்

யோசனை வந்துவிட்டது.

போனில் பார்க்கிற பகிடிக்காரர் எல்லாம் ஒருவரைக் கிழித்தால் கிழித்ததுதான். அந்த ஆள் அதற்குப் பிறகு தலை நிமிர்வதில்லை. அப்படியென்றால் — மச்சானைக் கிழி. எல்லார் முன்னாலும் கிழி. இந்தக் கலியாணப் பேச்சே ஒரு சிரிப்பாகிவிட்டால் மாமாவுக்கு ரோசம் வராதா? மாமிக்கு வராதா? "இப்பிடி வாய்க்காரி எங்களுக்கு வேணாம்" என்று அவர்களே சொன்னால் நான் தப்பினேன். அம்மாவோடு சண்டை இல்லை, அழுகை இல்லை.

மதுரன் பாவம்தான். ஆனால் அவனை நான் சின்ன வயதிலிருந்தே நக்கலடிக்கிறேன், பழக்கம்தானே. ஹெல்மெட்டுக்குள் முசுறு எறும்பு விட்டிருக்கிறேன். முழு நாளும் தலையைச் சொறிந்துகொண்டு லைட் கம்பத்தில் நின்றான். பின்னேரம் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு வந்தான். விசரன்.

ஜூலை 27, ஞாயிறு

சுவர் முழங்கால் உயரம். இன்றைக்கு அறை எண்ணிப் பார்த்தார்கள். "இது புள்ளையளுக்கு" என்று மாமி ஓர் அறையைக் காட்டினா. என்ன பிள்ளைகள்? யாருடைய பிள்ளைகள்? கிணற்றடியில் போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்து, மாமியின் செருப்பில் ஒன்றை மாமரத்தில் கட்டித் தொங்கவிட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி, போயா

அம்மா வரலட்சுமி விரதத்துக்குக் கோயிலுக்குப் போய்விட்டா. நான் தன்னாமுனைக்கு.

எழுதத்தான் வேண்டும், எழுதினால்தான் தெரியும் என்ன நடந்தது என்று.

மீன்பெட்டியில் ஏறினேன். கதவு சாத்தினார்கள். மைக் வழுக்கியது, அவ்வளவு வியர்வை. முதல் வசனம் மறந்துபோய் இரண்டாவதில் இருந்து தொடங்கினேன்.

"என்ட மச்சானுக்குக் கரண்ட் வேலை. ஆள் மட்டும் எப்பவும் டிம்மில. எங்கட வீட்டுக்கு அவர்தான் வயரிங். ஃபேனைப் போட்டா வாசல் லைட் எரியும். வாசல் லைட்டைப் போட்டா அடுத்த வீட்டு மோட்டர் தண்ணி இறைக்கும். இப்ப அடுத்த வீட்டுக்காரர் குளிக்கிறதெண்டா எங்கட படலையில வந்து நிண்டு, 'புள்ள, அந்த வாசல் லைட்ட ஒருக்காப் போட்டு விடு' எண்டு கேக்கிற."

சிரித்தார்கள். ஐயோ, சிரித்தார்கள். முதுகுத்தண்டில் ஏதோ ஏறியது.

"இவரத்தான் எனக்குப் பேசியிரிக்காங்க. தாலிக்குக் கொடி கொண்டு வரமாட்டார், வயர்தான் கொண்டு வருவார். அதிலயும் எர்த் குடுக்க மறந்திரிப்பார். இவரக் கட்டுறதுக்கு நான் ஒரு லைட் கம்பத்தக் கட்டலாம். அது சொன்ன இடத்தில நிக்கும், வெளிச்சமும் குடுக்கும்."

அப்போதுதான் பின் வரிசையில் இருந்து ஒரு குரல்: "தங்கச்சி, மச்சான் இஞ்சதான் இரிக்கார்."

கூட்டாளிமார் இரண்டு பேர் அவனைக் கையில் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். மதுரன். வேலைச் சட்டையோடு. நான் கதவைப் பார்த்தேன். கதவு சாத்தியிருந்தது. நான் முடித்தால்தான் திறப்பார்கள், முடிக்க எனக்கு வாய் வரவில்லை.

அவன் தன் காலைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "மச்சாள், லைட் கம்பத்தக் கட்டினாலும் பல்ப் போனா என்னத்தானே கூப்பிடோணும்."

ஐஸ் அறை வெடித்தது. சனம் கதிரையில் தட்டியது, விசிலடித்தது. முன்னால் இருந்த ஒரு அக்கா, "எப்ப புள்ள கலியாணம்?" என்று கேட்டா. கேலியாக இல்லை. ஆசையாக.

அவனுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் பிழையாகிப்போனது. அவன் முகம் முழுக்க — நான் அவனை இப்படிச் சந்தோசமாகக் கண்டதே இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

யாரோ வீடியோ எடுத்திருக்கிறான். விடிய முன்னம் எங்கள் சொந்தக்காரரின் வட்ஸ்அப் முழுக்க நான்.

அம்மா: "பாருக்குப் போனியா?"
"போயாவில பார் பூட்டம்மா."
"பூட்டின பாருக்குள்ள நீ என்ன செய்த?"

அடி விழும் என்று பார்த்தேன். விழவில்லை. அம்மா போனை எடுத்து மறுபடி பார்த்தா. அப்பா எட்டிப் பார்த்து, லைட் கம்பத்தில் வந்தபோது சிரித்துவிட்டார். மாமாவிடம் இருந்து மட்டும் சத்தமில்லை. நல்லது. ரோசம் வருகிறது. வரட்டும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மாமி வந்தா. வெற்றிலை, வாழைப்பழச் சீப்பு, பெரிய தட்டு. இதற்குத்தான் ரோசம் என்று பெயரா?

நான் அறைக்குள். கேட்டது எல்லாம்:

"இவன் வாய் திறக்காத புள்ள, மச்சாள். இவளுக்கு மனசில என்னமோ ஏதோ எண்டு நான் பயந்துகொண்டிருந்தன். இப்ப அவளே நூறு பேருக்கு முன்னால வாயத் திறந்து சொல்லிப்போட்டாள்."

"அவள் பகிடிக்குச் சொன்னவள்" என்றா அம்மா.

"பகிடிதானே மச்சாள் வேணும். பிடிக்காத மச்சானெண்டா பொம்பிளப் புள்ள என்ன செய்யும்? கண்டா உள்ளுக்குப் போயிரும். பேச்செடுக்காது. இவள் நடக்கத் தொடங்கின நாளில இருந்து இவன வம்புக்கு இழுக்கிறாள். ஹெல்மெட்டுக்குள்ள முசுறு விட்டவள்தானே. அண்டைக்கே நான் இவரிட்டச் சொன்னன், நாம ஒண்டுக்கும் யோசிக்கத் தேவல்ல எண்டு."

உண்மைதானே. எங்கள் ஊரில் மச்சாளும் மச்சானும்தான் ஆளையாள் பகிடி பண்ணலாம். வேறு யாரை அப்படிப் பேசினாலும் கன்னத்தில் விழும். இது எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு கலியாண வீட்டிலும் பார்த்திருக்கிறேன். பார்த்தும், போனில் எங்கேயோ ஊர்க்காரன் கிழிப்பதைப் பார்த்து நானும் கிழிக்கிறேன் என்று ஏறி — நூறு பேர் சாட்சியோடு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

பதினெட்டு வருசமாக் கையெழுத்துப் போட்டிரிக்கன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அம்மாவிடம் சொன்னேன். சொல்லிப் பழகி, குரலை இறக்கி, நேரே நின்று. "அம்மா, எனக்கு மதுரன் மச்சானக் கட்ட விருப்பமில்ல. நான் படிக்கோணும்."

அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தி என்னைப் பார்த்தா. பிறகு சிரிக்கத் தொடங்கினா. "இஞ்ச வாங்க, இவள் முகத்த எப்பிடி வைச்சிரிக்காள் எண்டு பாருங்க" என்று அப்பாவைக் கூப்பிட்டா. அப்பா வந்து பார்த்து அவரும் சிரித்தார்.

"பகிடி இல்லம்மா."
"ஓம் ஓம். எங்க, முசுற எங்க விட்டிரிக்காய், அதச் சொல்லு முதல்ல." உண்மையாகவே பாவாடையை உதறிப் பார்த்தா.

அழுதேன். அதற்கும் சிரித்தார்கள். வெங்காயம் என்று.

நான் பகிடி பண்ணல்ல. ஆருக்கு நான் இதச் சொல்லுற? சுவருக்கா? சுவரும் மாமா கட்டினதுதான்.

ஆகஸ்ட் 13, புதன்

இன்றைக்கு ஒருவரோடும் பேசவில்லை. "கலியாணக் களை வந்திற்று" என்கிறார்கள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

நிலை வைத்தார்கள். வீட்டின் தலைவாசல் நிலை. நல்ல நேரம் பார்த்து, நிலைக்கு அடியில் காசு, நவமணி எல்லாம் போட்டு, பட்டுத்துணி கட்டி. வீடு என் பெயரில் என்பதால் பால் ஊற்றினது நான். மாமா என்னைப் பிடித்து முதலில் உள்ளே போகச் சொன்னார். "வலது கால், புள்ள."

முன்பக்கச் சுவர் இன்னும் முழங்காலுக்குத்தான் நிற்கிறது. எந்தப் பக்கத்தாலும் ஏறிக் கடக்கலாம். ஆனால் நிலை வைத்த நிமிடத்தில் இருந்து ஒருவரும் கடக்கவில்லை. தேத்தண்ணித் தட்டோடு வந்த மாமி சுற்றிக்கொண்டு வந்து நிலைக்குள்ளாலேயே வந்தா. அப்பாவும் அப்படித்தான். எங்கள் நாய் மட்டும் சுவரைப் பாய்ந்தது.

நானும் நிலைக்குள்ளால்தான் வந்தேன்.

மதுரன் வயர் இழுக்க அளவெடுத்துக்கொண்டு நின்றான். "மச்சாள், வாசல் லைட்டுக்குச் சுவிச் எங்க வைக்கிற?" என்றான். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள், பதில் வரும் என்று. அவனும் பார்த்தான். நாக்கு நுனியில் நாலு பகிடி நின்றது. ஒன்றைச் சொன்னாலும் இன்னொரு கையெழுத்து. "எங்கயும் வைங்க" என்றேன்.

செப்டெம்பர் 7, ஞாயிறு, போயா

இன்றைக்குப் பொய் சொல்லத் தேவையிருக்கவில்லை. "மச்சானோட போறதெண்டா போ" என்று மாமாவே அனுப்பினார். இப்போது நான் பாருக்குப் போவது குடும்பத்துக்குப் பெருமை.

மோட்டார் சைக்கிளில், நடுவில் என் புத்தகப்பையை வைத்துக்கொண்டு போனேன்.

ஐஸ் அறை நிறைந்து, சுவரோடும் ஆட்கள். நான் ஏறமுன்னமே "மச்சான், மச்சான்" என்று கத்தினார்கள். முன்வரிசையில் அவனுக்கு இடம் வைத்திருந்தார்கள். நஸ்ஹா பொக்ஸுக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தாள். அவளுக்கு மட்டும் எல்லாம் தெரியும்.

கதவு சாத்தியது.

எழுதிக்கொண்டு போனது வேறு. சொன்னது இது: "எனக்கு இந்தக் கலியாணம் வேணாம்."

சிரிப்பு.

"நான் இன்னொரு தரம் சோதின எடுக்கோணும். வீட்டில சொன்னன், கேக்கல்ல. அழுதன். வெங்காயம் எண்டாங்க."

இன்னும் பெரிய சிரிப்பு. நான் பேசாமல் நின்றேன். அதற்கும் சிரித்தார்கள். எவ்வளவு நேரம் பேசாமல் நிற்கிறேனோ அவ்வளவு சிரிப்பு. ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முகத்தப் பாரு, முகத்தப் பாரு" என்றான். "நான் பகிடி பண்ணல்ல" என்று சொன்னபோது கைதட்டு கூரையில் இடித்தது. மேடையை விட்டு இறங்கும்போது சுபாகரன் அண்ணன் முதுகில் தட்டி, இவ்வளவு நாளில் இதுதான் திறமான பகிடி என்றார்.

முன்வரிசையில் ஒருவன் சிரிக்கவில்லை. சோடாப் போத்திலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தான்.

வரும்போது கல்லடிப் பாலம் தாண்டி ஒரு பெட்டிக்கடைப் பக்கம் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். திரும்பவில்லை.

"பகிடி இல்லத்தானே?"
"இல்ல."
"எப்ப இருந்து?"
"எப்பவுமே."

ஹெல்மெட் வாரைக் கழற்றினான், மறுபடி பூட்டினான். "நான் நினைச்சன்… நீ என்ன நக்கலடிக்கேக்குள்ளயெல்லாம்…" முடிக்கவில்லை.

"எனக்கு உங்களோட வேற மாதிரிப் பேசத் தெரியா, மச்சான்."
"இப்ப பேசுறாய்தானே."

எங்கள் வீட்டுப் படலை வாசலில் வைத்து, "அப்பாட்ட நான் சொல்லுறன். நீ ஒண்டும் பேசாத" என்றான்.

"என்னெண்டு சொல்லுவீங்க?"
"அத என்னட்ட விடு."

செப்டெம்பர் 10, புதன்

சொல்லிவிட்டான்.

அவன் சொன்னது: "பார் மேடையில நிண்டு பகிடி சொல்லுற பொம்பிள எனக்கு வேணாம்."

மாமா வந்து வாசலில் நின்று அம்மாவிடம் அதை அப்படியே சொன்னார். சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டா. மாமா தன் கரண்டி, மட்டப்பலகை, தூக்குக்குண்டு எல்லாம் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு போனார். நிலைக்குள்ளால்தான் போனார், அந்தக் கோபத்திலும்.

நான் வெளியே வந்துவிட்டேன். கூட்டைத் திறந்துவிட்டார்கள். அப்படியென்றால் ஏன் அந்த நிலையடியிலேயே நின்றேன்?

செப்டெம்பர் 11, வியாழன்

"வேற காரணமே கிடைக்கல்லயா உங்களுக்கு?" என்று அவனுக்கு அனுப்பினேன்.

நெடுநேரம் கழித்துப் பதில்: "படிக்கட்டும் எண்டா, கட்டிப்போட்டுப் படி எண்டுவார். வயசு காணா எண்டா, பொறுப்பம் எண்டுவார். எல்லாத்துக்கும் அவரிட்டப் பதில் இரிக்கி. வெளியில காட்டல்ல, ஆனா அந்த வீடியோ பாத்ததில இருந்து அவருக்கு உள்ளுக்கு ஒரு மாதிரி. அதுக்கு மட்டும்தான் பதில் இல்ல."

பிறகு இன்னொன்று: "சோதினைக்குப் படி."

செப்டெம்பர் 16, செவ்வாய்

வீட்டுக்கு ஆட்கள் வந்தபடி. துக்கம் விசாரிக்கிற மாதிரிப் பாயில் இருந்து, மதுரனைத் திட்டிவிட்டுப் போகிறார்கள். எதை வைத்துத் திட்டுகிறார்கள் என்றால், என் பகிடிகளை வைத்து.

"அவன் தாலிக்கு வயர் கொண்டு வரக்கூடியவன்தானே, ஞானமணி. புள்ள அண்டைக்கே சொன்னதுதானே" என்று அடுத்த வீட்டு மாமி அம்மாவிடம். "லைட் கம்பம் அவனுக்கு எவ்வளவோ மேல்." ஒருவரும் சிரிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறார்கள். நான் செய்த வசனம் ஒவ்வொன்றும் கல்லாகப் போய் அவன் மேல் விழுகிறது. எறியாதீங்க என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. சொன்னால் "ஏன்?" என்பார்கள். ஏன் என்று சொன்னால் அவன் செய்தது வீண். அவன் என்னை வெளியே விடச் சாத்திய கதவு அது. நான் தட்டக்கூடாது.

அவனுக்கு எங்கள் பக்கத்தில் இப்போது வயரிங் வேலை ஒருவரும் கொடுப்பதில்லையாம். நஸ்ஹா சொன்னாள். ஏறாவூரில் இல்ஹாம் காக்கா இரண்டு வீடு பிடித்துக் கொடுத்திருக்கிறார்.

செப்டெம்பர் 24, புதன்

பொருளியல் மூன்று பாடம் முடித்தேன். பகிடி ஒன்றும் வரவில்லை.

ஒக்டோபர் 2, வியாழன்

அம்மா இன்றைக்குக் கேட்டா: "போயா எப்ப?"

திங்கட்கிழமை என்றேன்.

"நானும் வாறன். என்ட புள்ள மேடையில ஏறினா இவனுக்கு என்ன வெக்கம்? நான் முன்னுக்கு இருந்து பாக்கிறன். ஆர் என்ன சொல்லுறான் எண்டு பாப்பம்."

இந்த அம்மாதானே பூட்டின பாருக்குள் நான் என்ன செய்தேன் என்று கேட்டவ.

ஒக்டோபர் 6, திங்கள், போயா

அம்மா கோயிலுக்குக் கட்டுகிற பச்சைச் சேலை கட்டினா. பஸ்ஸில் நெடுக என் காதுக்குள்: "அவனுக்கு நல்லாக் குடு. ஒண்டும் மிச்சம் வைக்காத."

ஐஸ் அறைக்குள் வந்து சுற்றிவரப் பார்த்தா. பெட்சீட் கட்டிய தட்டுகளைக் காட்டி, "இதென்ன, சாமிக்குத் திரை போட்ட மாதிரி?" என்று கேட்டா. சுபாகரன் அண்ணன் அதை மேடையில் ஏறிச் சொல்லி, அம்மா சொன்னது என்றும் சொன்னார். சனம் கைதட்டியது. அம்மா கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தா. நஸ்ஹா பக்கத்தில் இருந்து கச்சான் உடைத்துக் கொடுத்தாள்.

நான் ஏறினேன். கதவு சாத்தினார்கள். பின்னால் இருந்து, "மச்சான் என்ன ஆனார்?" என்று ஒருவன் கேட்டான். எல்லாரும் அமைதியானார்கள். அம்மா தலையாட்டினா, தொடங்கு என்று.

இரண்டாம் தரம் சோதினை எடுப்பவர்களைப் பற்றிச் சொன்னேன். ரியூசனில் எங்களைவிட இளையதுகள் எங்களை அக்கா என்று கூப்பிட்டுக் கதிரை விட்டுத் தருவதை. பொருளியல் படிப்பிக்கிற சேர் கேள்வி கேட்டுவிட்டு, "உசாந்தி சொல்லக்கூடாது, அவளுக்குப் போன வருசமே தெரியும்" என்பதை. தெரிந்திருந்தால் நான் ஏன் சேர் இந்த வருசமும் உங்கட மூஞ்சையப் பாக்கிறன் என்பதை. சிரித்தார்கள். அம்மாவும் ஒரு தடவை வாயைப் பொத்திச் சிரித்தா. பிறகு மறுபடி காத்திருந்தா.

மச்சானைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் இறங்கினேன்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அம்மா. டவுன் வந்ததும் கேட்டா: "ஏன் புள்ள, அவன விட்டிட்ட?"

"அவரப் பத்தி எனக்குப் பகிடி வருகுதில்லம்மா."

"இவ்வளவு செய்தவன. உனக்கு வருகுதில்லயா?"

"இல்ல. முந்தியும் வந்திரிக்கக்கூடாது."

அம்மா என் பக்கம் திரும்பினா. நான் முகத்தை எப்படியும் வைக்கவில்லை, அது இருந்தபடி இருந்தது. பஸ் பாலத்தில் ஏறி மறுகரையில் இறங்கும்வரை அம்மா என்னையே பார்த்துக்கொண்டு வந்தா. சிரிக்கவில்லை.

நாவற்குடாவில் இறங்கி நடக்கும்போது, "நாளைக்கு விடிய அண்ணன் வீட்டுக்கு ஒருக்காப் போகோணும். பாவம், அவன சும்மா திட்டிப்போட்டம்" என்றா.

அம்மாவின் கைப்பையை வாங்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.